ஆத்துக்குள்ள ஒரு இடைச்செருகல்!

‘இடைச்செருகல்’ங்கிற வார்த்தையை ஸ்கூல்ல ரெண்டு பீரியட்ல கேட்டிருப்பீங்க. தமிழ் பீரியட்ல கேட்டா அது திட்டு. பழைய நூல் ஒண்ணுல, எழுதினவர் எழுதாத பாட்டை யாரோ பின்னால வந்து நடுவுல சொருகிட்டுப் போனா, அதுக்குப் பேர் இடைச்செருகல். கம்பராமாயணப் பதிப்புகள்ல அப்படிச் சந்தேகப்பட்ட பாட்டுகளை ‘மிகைப் பாடல்கள்’னு தனியா ஒதுக்கி வெச்சிருப்பாங்க.

அதே வார்த்தையைக் கணக்கு பீரியட்ல கேட்டா மார்க்! 1991-லயும் 2001-லயும் ஓர் ஊரோட ஜனத்தொகை தெரியும், 1996-ல எவ்வளவுனு கண்டுபிடிக்கணும். தெரிஞ்ச ரெண்டு புள்ளிக்கு நடுவுல தெரியாத ஒரு புள்ளியைச் சொருகினா, வாத்தியார் சிரிச்சுக்கிட்டே டிக் போடுவார்.

இந்த ரெண்டு அர்த்தமும் நேருக்கு நேர் முட்டிக்கிற ஓர் இடம் இருக்கு. அது ஆத்தோட அடிப்பரப்பு. சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நான் இன்டர்ன்ஷிப்ல பழையாத்துப் பக்கம் ஸ்டாஃபும் லெவலுமா சுத்தினப்போதான் இது புரிஞ்சது. ‘ஆத்துக்கு அடியில என்ன இருந்தா எனக்கென்ன?’னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. அடுத்த பெருமழையில உங்க தெரு முங்குமா, முங்காதானு ஒரு கம்ப்யூட்டர் சொல்லப் போகுது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற ஆத்துல பாதிக்கு மேல இடைச்செருகல்!

சிப்ஸ் சீவுற மாதிரி

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். பழையாறு நாஞ்சில் நாட்டோட சொந்த ஆறு. மலையடிவாரத்துல சுருளோடு பக்கம் கிளம்பி, பூதப்பாண்டி, நாகர்கோவில் ஒழுகினசேரி, சுசீந்திரம்னு வயலும் தெருவும் பார்த்துக்கிட்டே வந்து மணக்குடியில கடல்ல சேருது. பொன்மனைப் பக்கத்துல இருந்து பாண்டியன் கால் வழியா பறளியாத்துத் தண்ணியும் இதுக்கு வருது. கன்னிப்பூ, கும்பப்பூனு ரெண்டு போகம் நெல் விளைஞ்சதுக்குக் காரணம் இந்தத் தண்ணிதான்.

இப்படி ஓர் ஆத்துல வெள்ளம் வந்தா எங்கெங்கே ஏறும்னு கணக்குப் போடணும்னா, ஆத்தோட வடிவம் வேணும். கரை உயரம், அகலம், அடியில எவ்வளவு பள்ளம்... எல்லாமே. ‘சாட்டிலைட்ல பார்த்துக்கலாமே பாஸ்’னு நீங்க கேக்கலாம். கரையைப் பார்க்கலாம், அடியைப் பார்க்க முடியாது. 2000 பிப்ரவரியில அமெரிக்காவோட எண்டெவர் விண்கலம் 11 நாள் சுத்தி, உலகத்தோட பெரும்பகுதி நிலத்தை ரேடார்ல அளந்தது. இன்னிக்கும் நிறைய காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அந்த உயரக் கணக்குதான் சோறு போடுது. ஆனா ரேடார் தண்ணியோட மேற்பரப்புல பட்டுத் திரும்பிடும். தண்ணிக்குக் கீழ இருக்கிற தரையை அது பார்க்கவே இல்லை.

அதனால ஆள்தான் இறங்கணும். உயரம் தெரிஞ்ச ஒரு கல்லுல ஸ்டாஃபை நிறுத்தி, ஆட்டோ லெவல்ல ஒரு ரீடிங். அப்புறம் ஆத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, இந்தக் கரை, சரிவு, தண்ணிக்குள்ள நாலஞ்சு இடம், அந்தச் சரிவு, மறுகரைனு ஒவ்வொரு புள்ளியிலயும் ரீடிங். கூட்டிக் கழிச்சா, அந்தப் புள்ளி கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர்னு வந்துடும். இதுக்குப் பேர் குறுக்குவெட்டு. சொல்றதுக்கு ஈஸி. ஆகாயத்தாமரையை விலக்கி, இடுப்பளவு தண்ணியில ஸ்டாஃபை நேரா பிடிச்சு நிக்கிற அண்ணனைக் கேளுங்க. அடியில இளகின சேறு இருந்தா ஸ்டாஃப் தன்பாட்டுக்கு இறங்கிக்கிட்டே போகும். எது ‘அடி’ங்கிறதே அங்க ஒரு பஞ்சாயத்து!

இப்படி ஒரு வெட்டு எடுக்கவே நேரம் ஓடிடும். பத்தடிக்கு ஒண்ணு எடுக்கக் காசும் கிடையாது, ஆளும் கிடையாது. அதனால சில நூறு மீட்டருக்கு ஒண்ணு. நம்ம ஊர் நேந்திரங்காய் சிப்ஸ் தெரியுமில்லையா? காயைக் குறுக்கே சீவுற மாதிரி ஆத்தைச் சீவுறோம். ஆனா காய் முழுக்கச் சீவல. அங்கொரு சிப்ஸ், இங்கொரு சிப்ஸ் எடுத்துக்கிட்டு, நடுவுல இருக்கிற காயை ஊகிக்கிறோம். அந்த ஊகம்தான் இடைச்செருகல்.

டச்சுக்காரங்க போட்ட கோடு

இந்த வேலை கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சது இல்லை. 1584-ல பீட்டர் புரூயின்ஸ்ங்கிற டச்சு சர்வேயர், ஸ்பார்னேங்கிற ஆத்தோட வரைபடத்துல ஏழடி ஆழம் இருக்கிற இடங்களை ஒரே கோட்டால சேர்த்தார். 18-ம் நூற்றாண்டுல குருக்கியஸ்ங்கிற இன்னொரு டச்சு இன்ஜினீயர் மெர்வெட ஆத்தோட அடிப்பரப்பை முழுசா அப்படிச் சம ஆழக் கோடுகளால வரைஞ்சார். நாம ஒன்பதாவதுல பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின மலை ‘கான்டூர்’ கோட்டுக்கெல்லாம் இந்த ஆத்துக் கோடுதான் அண்ணன்.

அளந்த புள்ளிகள் கொஞ்சம், அதுக்கு நடுவுல ஓடுற கோடு நீளம். அன்னிக்கு அந்தக் கோட்டை மனுஷன் யோசிச்சு இழுத்தான். இன்னிக்கு சாஃப்ட்வேர் இழுக்குது. இந்தத் துறையில ரொம்பப் பேர் பயன்படுத்துறது ‘ஹெச்.இ.சி.-ராஸ்’. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1995-ல வெளியிட்டது. இலவசம்ங்கிறதால ஸ்டூடன்ட்ஸுக்கு ரொம்பச் செல்லம். அதுல ‘இடையில இருக்கிற வெட்டுகளைப் போட்டுக்கொடு’னு ஒரு வசதி உண்டு. ரெண்டு வெட்டைக் காட்டி, ‘எத்தனை மீட்டருக்கு ஒண்ணு?’னு சொன்னா போதும். ஒரே செகண்ட்ல பத்து வெட்டு ரெடி. யாரும் நனையல, யாருக்கும் சேறு ஒட்டல!

இதுல தப்பு ஒண்ணும் இல்லை. வெட்டுகள் ரொம்ப தூரம் தூரமா இருந்தா, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தண்ணி போற கணக்கு தடுமாறும். நடுவுல படி வெச்சுக் கொடுத்தா கணக்கு சீரா இறங்கும். ஆக, இடைச்செருகல் கணக்குக்கு உதவி பண்ணுது. ஆனா ஆத்தைப் பத்தி நமக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் அது புதுசா சொல்லல. இந்த வித்தியாசத்தை மறந்தோம்னா போச்சு.

நேர்கோட்டுக்கு அணை தெரியாது

ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் எல்லாம் சும்மா கணக்குக்காக. மேல ஒரு வெட்டுல ஆத்தோட அடி 12.40 மீட்டர். நானூறு மீட்டர் கீழ அடுத்த வெட்டுல 11.60. சரிபாதியில? 12.00. எட்டாங்கிளாஸ் பையன்கூட சொல்லிடுவான்.

இப்போ பழையாத்துக்கு வாங்க. வீரப்புலி, பள்ளிகொண்டான், செட்டித்தோப்பு, வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, சோழன்திட்டைனு இந்த ஆத்துக்குக் குறுக்கே வரிசையா தடுப்பணைகள். மேட்டூர் மாதிரி பெரிய அணை இல்லை. தண்ணியைக் கொஞ்சம் நிமிர்த்தி, பக்கத்துக் கால்வாய்ல திருப்பி, குளத்துக்கும் வயலுக்கும் அனுப்புற குட்டைச் சுவர்கள். ஒவ்வொரு அணைக்கும் மேல மண் படிஞ்சு தரை மேடாகும். கீழ, தண்ணி விழுந்து விழுந்து பள்ளமாகும். அதாவது இந்த ஆறு வழுக்குமரம் மாதிரி சரிவா இறங்கல, படிக்கட்டு மாதிரி இறங்குது.

நம்ம உதாரணத்துல அந்த ரெண்டு வெட்டுக்கும் நடுவுல ஒரு தடுப்பணை இருக்குனு வையுங்க. சுவரோட உச்சி 13.10. சுவருக்குக் கீழ பள்ளம் 10.50. நேர்கோடு என்ன பண்ணும்? 12.00-ல சுவரைத் துளைச்சுக்கிட்டு நேரா போயிடும். பல தலைமுறை மராமத்து பார்த்த அணை, கம்ப்யூட்டர்ல ஒரு செகண்ட்ல காலி!

விளைவு என்ன? சுவர் இல்லாத ஆத்துல தண்ணி தேங்காது. அதனால அணைக்கு மேல இருக்கிற கரையோர ஊருக்கு, நிஜத்தைவிடக் குறைஞ்ச நீர்மட்டத்தைக் கணக்கு காட்டும். பெரிய வெள்ளத்துல அணையே முங்கிட்டா வித்தியாசம் குறையும், உண்மைதான். ஆனா நடுத்தர வெள்ளம்தான் அடிக்கடி வரும். ‘இங்க ஏறாது’னு படம் சொன்ன வயல்ல நாத்து அழுகும்.

‘கொஞ்சம் கூடக்குறைய இருந்தா என்ன?’னு தோணலாம். நம்ம பக்கத்து வயல்கள் கிட்டத்தட்ட சமதளம். கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சரிவு இருக்கிற ஒரு வயல்வெளியை எடுத்துக்குங்க. நீர்மட்டத்துல 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் அளவுகூட இல்லாத பிழை. தண்ணி நிக்கிற கோடு அரை கிலோமீட்டர் தள்ளிப் போயிடும். அந்த அரை கிலோமீட்டருக்குள்ள எத்தனை வீடு இருக்கும்னு உங்க ஊரை வெச்சு யோசிச்சுப் பாருங்க.

வளைவுல நடக்கிற கூத்து

ஆறு வளையும்போது வெளிப்பக்கக் கரையை அரிச்சு, அந்தப் பக்கம் பள்ளம் வைக்கும். உள்பக்கம் மணலைக் கொட்டும். முதல் வளைவுல பள்ளம் இடதுபக்கம், அடுத்த வளைவுல வலதுபக்கம்னு வெச்சுக்குவோம். ரெண்டு வெட்டையும் அப்படியே சராசரி போட்டா நடுவுல என்ன வரும்? இடதுல அரை ஆழப் பள்ளம் ஒண்ணு, வலதுல அரை ஆழப் பள்ளம் ஒண்ணு, நடுவுல ஒரு மேடு. ஒரு ஆறு ரெண்டா பிரிஞ்சு ஓடுது! அப்படி ஒரு ஆறு உலகத்துல எங்கயும் இல்லை, நம்ம ஸ்க்ரீன்ல மட்டும்தான்.

இதுக்கு மருந்து உண்டு. பள்ளத்தோட பள்ளத்தை, கரையோட கரையை நூல் கட்டி இணைக்கிற மாதிரி இணைச்சுட்டு, அப்புறம் இடைச்செருகல் போடணும். தூரத்தையும் காக்கா பறக்கிற மாதிரி நேரா அளக்காம, ஆறு வளைஞ்சு ஓடுற பாதையோடவே அளக்கணும். ஏன்னா ஆத்தோட அடி, ஓட்டத்தோட திசையில மெதுவாத்தான் மாறும். குறுக்கே அஞ்சு மீட்டருக்குள்ள தலைகீழா மாறும். பள்ளம் ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் மாறுற இடத்துல, பொதுவா ஆழம் குறைஞ்சு தரை மேடா இருக்கும். ஊர்க்காரங்க அந்த இடமாப் பார்த்துத்தான் ஆத்தைக் கடப்பாங்க. அவங்க எந்த சாஃப்ட்வேரையும் கேக்கல!

‘நெலை கிட்டாது மக்கா!’

ஒருநாள் தடுப்பணைக்குக் கீழ வெட்டு எடுக்க இறங்கப் போனோம். படித்துறையில துணி அலசிக்கிட்டிருந்த ஒரு பாட்டா கையைத் தூக்கினார்.

“மக்கா, அங்கன எறங்காத. நெலை கிட்டாது.”

“எவ்ளோ ஆழம் இருக்கும் பாட்டா?”

“ரெண்டாள் ஆழம் காணும். அணையில இருந்து வெள்ளம் விழுந்து விழுந்து பறிச்ச கயமாக்கும் அது. இன்னா, அந்தத் தென்னை மூடு வரைக்கும் போவும். அதுக்கங்க முட்டளவுதான்.”

(வெளியூர்க்காரங்களுக்கு ஒரு குறிப்பு: எங்க பக்கத்துல நிறைய பேருக்கு வெள்ளம்னா சாதாத் தண்ணிதான். ‘குடிக்க வெள்ளம் தாங்க’னு கேட்டா பயந்துடாதீங்க!)

அவர் சொன்ன ரெண்டு வரியில எத்தனை தகவல் இருக்குனு பாருங்க. கயம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, ஏன் வந்தது, அதுக்கப்புறம் ஆழம் எவ்வளவு... எல்லாமே வந்துடுச்சு. நாங்க மட்டும் அந்தக் கயத்துல ஒரே ஒரு வெட்டு எடுத்துட்டு, அடுத்த வெட்டை நானூறு மீட்டர் தள்ளி எடுத்திருந்தா, நேர்கோடு அந்தக் குழியை நீளமா இழுத்து ஒரு பெரிய வாய்க்காலாவே ஆக்கியிருக்கும். அப்புறம் கணக்குல ஆத்துக்கு இல்லாத கொள்ளளவு இருக்கிற மாதிரி வரும். வெள்ளமட்டம் குறைஞ்சு தெரியும். அணையைத் தவறவிட்டாலும் ஆபத்து, குழியில மட்டும் அளந்தாலும் ஆபத்து.

பாலத்துக்கும் இதே கதை. பாலத்து மேல நின்னு அளக்கிறது சொகுசு, நனைய வேண்டாம். அதனால எல்லாருக்கும் பாலத்தடி வெட்டுனா ஒரு ஆசை. ஆனா பாலத்துல ஆறு ஒடுங்கும். தூணைச் சுத்தி மண் அரிச்சுக் குழி விழும். அந்த வெட்டை வெச்சு மேலயும் கீழயும் ஆத்தை ஊகிச்சா, வாசக்காலை மட்டும் பார்த்துட்டு வீடு முழுக்க அதே அகலம்னு சொல்ற மாதிரி.

அன்னிக்கு நாங்க தென்னை மூட்டுக்கு நேரா ஒரு வெட்டு, அணைக்கு மேல ஒண்ணு, சுவர் உச்சியில லெவல்னு கூடுதலா எடுத்தோம். கயத்துக்குள்ள யாரும் இறங்கல. கரையில இருந்து கயிறு இழுத்து, குண்டு விட்டு ஆழம் பார்த்தோம். கூடுதலா ஆனது அரை நாள்தான்.

பொழி திறந்தா வேற ஆறு

மணக்குடிக்குப் போனா இன்னொரு சிக்கல். ஆறு கடலைத் தொடுற இடத்துல மணல் திட்டு வளரும். அதை எங்க பக்கத்துல பொழினு சொல்வாங்க. பொழி அடைஞ்சிருக்கும்போது ஓர் ஆறு, திறந்திருக்கும்போது வேற ஆறு. கோடையில அளந்த வெட்டு, அடைமழையில செல்லாக்காசு. அங்க தரை நிலையா நிக்காதுங்கிறதுக்குப் பெரிய சாட்சி, 2004 டிசம்பர் 26. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைச்ச பாலத்தையே சுனாமி அலை பெயர்த்துப் போட்டுச்சு. இந்த மாதிரி இடத்துல ரெண்டு இடத்துக்கு நடுவுல மட்டும் இல்லாம, ரெண்டு தேதிக்கு நடுவுலயும் நாம இடைச்செருகல் பண்ணிக்கிட்டிருக்கோம். அளந்த தேதி எழுதாத வெட்டு, பாதி வெட்டுதான்.

நட்சத்திரம் எங்க போச்சு?

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ராஸ் சாஃப்ட்வேர், தான் சொருகின ஒவ்வொரு வெட்டோட எண்ணுக்குப் பக்கத்துலயும் ஒரு நட்சத்திரக் குறி போடும். ‘இது அளந்தது இல்லை, நான் போட்டது’னு அதுவே ஒத்துக்குது. கம்பன் பாட்டையும் மிகைப் பாட்டையும் பிரிச்சு வெச்ச பதிப்பாசிரியர்களோட நேர்மை இந்தச் சின்ன நட்சத்திரத்துல இருக்கு.

ஆனா கதை அங்க முடியல. கணக்கு ஓடி, கடைசியில ஒரு கலர் படம் வரும். ஊர் மேல நீல நிறத்துல தண்ணி. அழகா இருக்கும். அந்தப் படத்துல நட்சத்திரம் இருக்காது! நாங்க சேத்துல நின்னு அளந்த இடமும் நீலம், கம்ப்யூட்டர் ஊகிச்ச இடமும் அதே நீலம். ரிப்போர்ட்டைப் புரட்டுற அதிகாரிக்கும், வீட்டுமனை வாங்கப் போறவருக்கும், கரைச்சுவர் எவ்வளவு உயரம் கட்டணும்னு முடிவு பண்றவருக்கும் ரெண்டும் ஒண்ணுதான்.

2021 நவம்பர் மழையை எங்க மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ஆத்தங்கரை ஊர்களும் வயலும் முங்கிச்சு. தண்டவாளத்துல மண் சரிஞ்சு நாகர்கோவில்-திருவனந்தபுரம் ரயிலே நின்னுச்சு. அந்த மாதிரி நாள்ல ‘எந்தத் தெருவை முதல்ல காலி பண்ணணும்?’னு ஒருத்தர் அந்த நீலப் படத்தைத்தான் பார்ப்பார். அவர் பார்க்கிற கோடு அளந்ததா, சொருகினதானு அவருக்குத் தெரிய வேண்டாமா?

நீங்க ப்ராஜெக்ட் பண்றீங்களா?

ஃபைனல் இயர்ல ‘வெள்ள மாதிரி’னு தலைப்பு எடுக்கப் போற சிவில் மக்களே, உங்களுக்காக அஞ்சே அஞ்சு பாயின்ட்:

1. லெவலைத் தூக்குறதுக்கு முன்னாடி ஆத்தங்கரையோட ஒருநாள் சும்மா நடங்க. அணை, பாலம், படித்துறை, ஓடை வந்து சேர்ற இடம், வளைவு எல்லாத்தையும் குறிச்சுக்குங்க. வெட்டு எங்க எடுக்கணும்னு டேப் சொல்லக் கூடாது, ஆறு சொல்லணும்.

2. தடுப்பணைக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கயம் முடியுற இடத்துல ஒண்ணு. அணையைத் தனியா அணையாவே மாதிரியில சேருங்க. அதைத் தாண்டி இடைச்செருகல் ஓடக் கூடாது.

3. இன்னும் நாலு குறுக்குவெட்டுக்குக் காசு இல்லையா? ஆத்தோட ஆழமான கோட்டைப் பிடிச்சுக்கிட்டே ஒரு நீள்வெட்டு எடுங்க. படிக்கட்டு எங்க, பள்ளம் எங்கனு அது காட்டிக்கொடுத்துடும்.

4. குளிக்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, மடை திறக்கிறவங்க... இவங்ககிட்ட கேளுங்க. கேட்டதை அப்படியே எண்ணாக்கிடாதீங்க. எங்க அளக்கணும்னு அவங்க சொல்வாங்க, எவ்வளவுனு ஸ்டாஃப் சொல்லட்டும்.

5. கடைசிப் படத்துல அளந்த வெட்டெல்லாம் முழுக்கோடு, சொருகினதெல்லாம் புள்ளிக்கோடு போடுங்க. பக்கத்துல அளந்த தேதி. இதுக்குச் செலவு பத்து நிமிஷம்.

அஞ்சாவது பாயின்ட்டைச் செஞ்சா படத்தோட அழகு கொஞ்சம் கெடும். வைவாவுல எக்ஸ்டர்னல், ‘என்னப்பா, இவ்வளவு புள்ளிக்கோடு?’னு கேப்பார். தைரியமா சொல்லுங்க: “அவ்வளவுதான் சார் நாங்க நனைஞ்சது!”